டீச்சரிடம் இருந்தது பிரேக் மட்டும்

எங்கள் பகுதியில் கார் ஓட்டுகிற யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள், "டீச்சர்கிட்டதான் கத்துக்கிட்டேன்" என்பார்கள். பள்ளிக்கூட டீச்சர் என்று நினைத்துவிடாதீர்கள். டிரைவிங் ஸ்கூல் டீச்சர். வயசு ஐம்பத்தைந்து. உயரம் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைச்சல். காலில் எந்நேரமும் வெள்ளை கான்வாஸ் ஷூ. அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார் என்று ஒரு வதந்தி உண்டு. அதைக் கிளப்பிவிட்டவன் நான்தான், இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் கற்றுக்கொடுப்பவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். ஸ்டியரிங், கியர், ஆக்ஸிலரேட்டர் எல்லாம் கற்றுக்கொள்கிறவர் கையிலும் காலிலும். டீச்சரிடம் அந்த ஒரு பிரேக் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறார். எதிர்த்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஸ்கேலால் கை முட்டியில் தட்டுவார். டீச்சர் குரலைக்கூட உயர்த்தினதில்லை. வண்டியை நடைபாதைமேல் ஏற்றிவிட்டால், "பரவாயில்ல, இப்படியும் ஒரு வழி இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டோம். இப்ப இறங்குவோம்" என்பார்.

டீச்சர் சபைக்குப் போகிறவர். வண்டி கிளம்பும் முன் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, உள்ள இருக்கிறவங்களப் பாத்துக்கங்க, வெளிய நடக்கிறவங்கள அதவிட நல்லாப் பாத்துக்கங்க" என்று ஜெபிப்பார். இதில் ஒரு சிக்கல். கண்ணை மூடினால் கால் தானாகப் பிரேக்கை அழுத்திவிடும், அப்படிப் பழகிவிட்டது. ஓடுகிற வண்டியில் யாராவது நல்ல செய்தி சொன்னாலும் நன்றி சொல்லக் கண்ணை மூடிவிடுவார். போன வருஷம் பேக்கரிக்காரர் ஒருவர் ஓட்டிக்கொண்டே, "டீச்சர், என் பொண்டாட்டி முழுகாம இருக்கா" என்றார். வண்டி ரவுண்டானாவின் நடுவில் நின்றது. பின்னால் ஏழு வண்டி. ஏழு வண்டிக்காரர்களும் ஹாரனை அமுக்கி வாழ்த்தினார்கள்.

மதத்தைப் பற்றி அவராக வாய் திறக்க மாட்டார். யாராவது கேட்டால் சொல்வார். அதையும் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் சொல்வார். "ஓடுற வண்டியில இதப் பேசக்கூடாது. கேக்குறவங்க பிடிக்கலன்னா கதவத் தொறந்து இறங்கிப் போற மாதிரி இருக்கணும்" என்பார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த புருஷன் யார் என்கிறீர்கள்? எங்கள் பகுதி அவருக்கு வைத்த பட்டப்பெயர் எக்காளம். முப்பத்துமூன்று வருஷம் அரசாங்கத்தில் எடை அளவு ஆய்வாளர். கடை கடையாக ஏறித் தராசில் குறை கண்டுபிடித்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே மனுஷர்களை எடை போட ஆரம்பித்துவிட்டார். தினமும் சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை, பாலத்தடி பஸ் ஸ்டாப்பில், கையில் மைக்.

"ஏய், சிவப்புச் சட்டை! எரியிற நெருப்பு உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கு!"

சிவப்புச் சட்டைக்காரர் பாவம், பஸ்ஸுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

என்னைக்கூட ஒருநாள், "பொய் பேசுற வாயே!" என்று கூப்பிட்டார். ஆள் சரியாகத்தான் பிடித்தார், அதை மறுக்கவில்லை. ஆனால் என் மச்சினி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அந்த மைக்கால் மனம் திரும்பியவர் என்று இதுவரை ஒருவரும் இல்லை. அடுத்த ஸ்டாப்புக்கு நடந்துபோய் பஸ் ஏறியவர்கள் ஏராளம். அவர்களுக்கு உடம்பு இளைத்தது, அந்த அளவுக்கு நல்லது.

சிரிப்பு இதோடு நிற்கட்டும். இவர்களுக்கு ஒரே மகன். ஹோட்டல் ஒன்றில் கீபோர்டு வாசிக்கிறவன். நாலு வருஷத்துக்கு முன்னால், முதல் கல்யாணம் முறிந்துபோன ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றான். எக்காளம் வீட்டுக் கூடத்திலேயே மைக்கை எடுத்துவிட்டார். எதிரில் நின்றது ஒரே ஒரு பிள்ளை. சத்தம் மூன்றாவது மாடி வரை கேட்டது. "பாவத்துக்கு இந்த வீட்டுல இடமில்ல!" மகன் ஒரு பையோடு இறங்கிப் போனான். கல்யாணத்துக்கு எக்காளம் போகவில்லை. டீச்சர் கொண்டுவந்த கல்யாணப் போட்டோவையும் பார்க்க மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

டீச்சர் ஒருநாள் என் கடைக்கு வந்தார். பை தைப்பதும் ஜிப் மாற்றுவதும் என் தொழில். கைப்பையைக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவர், நான் கேட்காமலே சொன்னார்.

"அவன் வீட்டுக்கு வராதது பாதிதான் தம்பி. நான் போய்ப் பாத்துட்டு வந்துடுறேன். ஆனா இயேசுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவன் காதுல அப்பா மைக்குதான் கேக்குதாம். என்கிட்ட இருக்கிறதுலயே நல்லது அது. அத என் பிள்ளைகிட்ட குடுக்க முடியல."

ஊருக்கெல்லாம் ஜிப் தைக்கிற எனக்கு என் வாய்க்கு ஒன்று தைக்கத் தெரியாது. ஆனாலும் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் மட்டும். அவள் தங்கையிடம் மட்டும்.

இந்த நிலைமையில் சபைக்கு ஒரு வேன் வந்தது. உச்சியில் இரண்டு ஒலிபெருக்கி வைத்துத் தெருத் தெருவாகப் போகலாம் என்று எக்காளத்துக்கு யோசனை. ஓட்ட ஆள் இல்லை. அறுபத்துமூன்று வயசில் அவரே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தார். எதிர்த்த ஸ்கூல் மாஸ்டர் இரண்டே நாளில் ஸ்கேலைக் கீழே போட்டுக் கும்பிட்டார். கடைசியில் மனைவியின் காலை ஆறரை மணி வகுப்புக்கே வந்து சேர்ந்தார்.

வகுப்பு என்றால் ஒரு வண்டியில் மூன்று பேர். ஒருவர் ஓட்ட, இருவர் பின்சீட்டில் காத்திருக்க வேண்டும். அந்த வகுப்பில் ஏற்கெனவே நான் இருந்தேன். என் மச்சினன் கார் வாங்கிவிட்டதால் நானும் ஓட்டக் கற்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மூன்றாவதாக அதே திங்கட்கிழமை ஒரு பெண் வந்து ஏறினாள். முப்பது வயசு இருக்கும். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ், வேலைக்கு லைசென்ஸ் தேவை. அவளைப் பார்த்ததும் கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். மகனோடு அவளை நான் பத்துத் தடவை பார்த்திருக்கிறேன். எக்காளத்தின் மருமகள்!

அவருக்கு அவளைத் தெரியாது. முகமே பார்க்காமல் தீர்ப்புச் சொன்னவர் அல்லவா? அவளுக்கு அவரை நன்றாகத் தெரியும். இது தற்செயலா, டீச்சர் போட்ட திட்டமா என்று நான் இன்றுவரை விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்டால், "ஆறரை மணி வகுப்புலதான் இடம் இருந்துச்சு தம்பி" என்கிறார்.

எக்காளம் வண்டி ஓட்டுவது எப்படி என்றால், ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு தெருவுக்கே தீர்ப்புச் சொல்வார்.

"சைக்கிள்காரா! கண்ணு எதுக்கு இருக்கு? கடைசி நாள்ல கணக்குக் கேப்பாங்க..."

டப். டீச்சரின் கால். வண்டி நிற்கும்.

"என்னம்மா, எதுக்குப் பிரேக்கு?"

"நீங்க அவரப் பாத்தீங்க, ரோட்டப் பாக்கல."

ஒரு தெருவில் இது ஏழு தடவை நடந்தது. பிரேக் போடாத நேரத்தில் அவரே கிளட்சைச் சட்டென்று விட்டு இன்ஜினை அணைத்துவிடுவார். வண்டி ஒரு குதி குதித்துச் செத்துப்போகும். பின்சீட்டில் எங்கள் இருவர் தலையும் கூரையைத் தொட்டு வரும்.

அந்தப் பெண்தான் முன்னால் சாய்ந்து சொன்னாள். "சார், கிளட்ச்சத் தூக்கிப் போடாதீங்க. தூங்குற குழந்தையத் தோள்லேருந்து இறக்கிப் படுக்க வைக்கிற மாதிரி விடுங்க."

அவர் அப்படியே விட்டார். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. எக்காளம் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். "நல்லாச் சொல்லிக் குடுக்குறம்மா நீ! முப்பது வருஷமா என்கூட இருக்கிறவ இப்படி ஒண்ணு சொல்லலியே!"

"நான் சொன்னா நீங்க கேப்பீங்களா?" என்றார் டீச்சர். கண்ணை மூடவும் செய்தார். வண்டி நின்றது.

நான் என் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்தேன். என்னைப் போன்ற ஒருவனைப் பின்சீட்டில் அடைத்து இவ்வளவு பெரிய விஷயத்தைக் கையில் கொடுத்து, வெளியில் சொல்லாதே என்பது கொடுமை. இரண்டு வாரத்தில் எனக்கு எடை குறைந்தது.

மூன்றாவது வாரம் ஒருநாள், எக்காளம் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பெண் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். "டீச்சர், முதல் கல்யாணம் உடைஞ்சுபோன பொண்ணு சபைக்கு வந்தா உள்ள விடுவாங்களா?"

எக்காளத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது.

"ஓரங்கட்டுங்க" என்றார் டீச்சர்.

ஓரங்கட்டுவது எக்காளத்துக்குப் பெரிய வேலை. கண்ணாடியைப் பார்க்க வேண்டும், கியரை மாற்ற வேண்டும், குப்பைத்தொட்டியை இடிக்காமல் இருக்க வேண்டும். முன்னால் போய், பின்னால் வந்து, நாலு நிமிஷம் ஆனது. அதற்குள் வாயில் இருந்தது ஆறிப்போய்விட்டது. டீச்சர் இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பின்னால் திரும்பினார்.

"கிணத்தடிக்கு ஒரு பொண்ணு வந்தா. அவளுக்கு அஞ்சு கல்யாணம் ஆகியிருந்துச்சு. இயேசு அவகிட்ட முதல்ல என்ன கேட்டாரு தெரியுமா? குடிக்கக் கொஞ்சம் தண்ணி."

"திட்டலியா?"

"தண்ணி கேட்டு வந்தவரு எப்படித் திட்டுவாரு?"

"அப்புறம் அவ வாழ்க்கையப் பத்தின உண்மையச் சொன்னாருல்ல!" என்றார் எக்காளம், ஸ்டியரிங்கைத் தட்டி.

"சொன்னாரு. ஆனா கிணத்து ஓரமா அவளுக்குப் பக்கத்துல உக்காந்து சொன்னாருங்க. அவளும் ஓடிப்போகல, ஊரக் கூட்டிக்கிட்டு வந்தா. நீங்க பஸ் ஸ்டாப்புல ஒரு நாளாவது யார் பக்கத்துலயாவது உக்காந்திருக்கீங்களா? அங்க நாலு பெஞ்சு இருக்கு."

எக்காளம் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "கியர் எங்க இருக்கு?" என்று கேட்டார். கியர் கையில்தான் இருந்தது.

அடுத்த நாள்தான் மேம்பாலம். ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்பிக் காட்ட வேண்டும். லைசென்ஸ் பரீட்சையிலேயே கஷ்டமான பாடம் அது. சிவப்பு விளக்கு விழுந்தது. நிறுத்தினார். பச்சை விழுந்தது. இன்ஜின் அணைந்தது. மறுபடி சிவப்பு, மறுபடி பச்சை, மறுபடி அணைந்தது. பின்னால் ஒரு லாரி, அதன் பின்னால் ஊரே. ஹாரன் சத்தத்தில் காது அடைத்தது. பாலத்தடியில்தான் அவருடைய பஸ் ஸ்டாப் என்பது ஞாபகம் இருக்கட்டும். அங்கிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய், மைக்குக்காரருடா! ஏ பெருசு, மனம் திரும்பினது போதும், வண்டியத் திருப்பு!"

"கடைசி நாள் வந்துருச்சு, இன்னும் ரெண்டாவது கியர் வரலியா?"

"உங்களுக்கெல்லாம் எவன் சாவி குடுத்தான்? வீட்டுல உக்கார வேண்டியதுதானே!"

எக்காளம் ஜன்னலை ஏற்றிவிட்டார். ஐந்தாவது தடவை அணைந்தபோது ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துவிட்டார். "எல்லாரும் திட்டுறாங்க. என்னால முடியாது. நான் இறங்கிடுறேன்."

"இறங்க வேண்டாம்" என்றார் டீச்சர். "பிரேக் என் கால்ல இருக்கு. வண்டி ஒரு விரக்கடைகூடப் பின்னால போகாது. நீங்க எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டாலும் சரி."

பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மருமகள் இறங்கி, லாரிக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"ஏம்மா, சாகணுமா உனக்கு?" என்று கத்தினார் லாரிக்காரர்.

"அண்ணே, முதல் தடவ ஏத்தத்துல நிறுத்துனப்ப நீங்க எப்படிக் கிளப்புனீங்க?"

லாரிக்காரர் யோசித்தார். யோசிக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. "மூணு மணி நேரம் ஆச்சும்மா. எங்க அப்பா அழுதுட்டாரு" என்றவர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார்.

பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒருவர் ஏறி வந்து அவளுக்குப் பக்கத்தில் கையை விரித்து நின்று மற்ற வண்டிகளை மறித்தார். சிவப்புச் சட்டை! எக்காளம் இதையெல்லாம் கண்ணாடியில் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். கிளட்சை மெதுவாக, மெதுவாக விட்டார். வண்டி ஏறியது. நான் உள்ளே கைதட்டினேன், வெளியே முப்பது பேர் கைதட்டினார்கள். மருமகள் மூச்சு வாங்க ஓடிவந்து பாலத்து உச்சியில் ஏறிக்கொண்டாள்.

இறக்கத்தைத் தாண்டியதும் அமைதியான சாலை. வண்டி நடைவேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

"அந்தச் சிவப்புச் சட்டையப் பாத்து நான் நெருப்புன்னு சொன்னேன்" என்றார் எக்காளம். கண்ணாடியில் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "நீ யாரு பெத்த பிள்ளையோ தெரியலம்மா. உன் மாமனார் குடுத்துவெச்சவரு. யாரு அவரு?"

கைக்குட்டையின் பாதி என் வாய்க்குள் இருந்தது.

"நீங்கதான் மாமா" என்றாள் அவள்.

எக்காளம் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். டீச்சர் சீட்டில் மண்டி போட்டுப் பின்னால் திரும்பி மருமகளின் கையைப் பிடித்து, வழக்கம்போல் கண்ணை மூடிவிட்டார். ஆனால் மண்டி போட்டிருந்தவரின் கால் பிரேக்கில் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கண்ணை மூடியும் நிற்காத வண்டி அது ஒன்றுதான். ஆடி அசைந்து சாலையோரம் இறங்கி, மெத்தைக் கடை வாசலில் அடுக்கியிருந்த மெத்தைகளுக்குள் மூக்கை நுழைத்தது. பொஃப்! ஒரு பஞ்சு மூட்டை வெடித்தது. எக்காளத்தின் கை எதையோ தட்ட, வைப்பர் ஓட ஆரம்பித்தது, பஞ்சு இடமும் வலமும் பறந்தது. மெத்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மெத்தையின் தொழிலே தாங்குவதுதானே.

கடைக்காரர் ஓடிவந்தார். "கண்ணத் தெறந்துக்கிட்டுத்தான் ஓட்டுனீங்களா?"

எக்காளம் இறங்கினார். இரண்டு புருவத்திலும் பஞ்சு. "தப்பு என்னோடதுங்க. முழுசா என்னோடது."

டீச்சர் சரிந்து கிடந்த மெத்தையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். "முப்பது வருஷமா இந்த வாயிலேருந்து இதக் கேட்டதில்லங்க!" என்று கடைக்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மருமகளும் சிரித்தாள். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் உள்ளே போய் எங்கள்மேல் பஞ்சு தட்ட ஒரு பிரஷ் கொண்டுவந்து கொடுத்தார்.

"இப்பவே அவன்கிட்ட போகணும்" என்றார் எக்காளம். டீச்சர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். என்னை யாரும் இறங்கச் சொல்லவில்லை, நானும் இறங்கவில்லை.

மகன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறந்தான். வாசலில் அப்பா. அவன் முகம் இறுகியது. "மைக் எங்க?"

"வண்டி கத்துக்கிட்டு இருக்கேன்டா. அதுக்கே ரெண்டு கையும் பத்தல." எக்காளம் புருவத்தில் மிச்சமிருந்த பஞ்சைத் துடைத்தார். "உன்னையும் இந்தப் பிள்ளையையும் நான் பேசுனது தப்பு. வீட்டுக்குள்ள மைக் வெச்சுப் பேசுனது அதவிடத் தப்பு."

மகன் மனைவியைப் பார்த்தான். அவள் அவன் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டு, "நாற்காலி எடுத்துப் போடுங்க, மாமா ரொம்ப நேரமா நிக்கிறாரு" என்றாள்.

ரொட்டியும் அவித்த முட்டையும் வந்தன. மேசை சின்னது, முழங்கையோடு முழங்கை இடித்தது. நான் ஜன்னல் திட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

"சாப்பிட்டதும் பிரசங்கம் உண்டா?" என்றான் மகன்.

எக்காளம் வாயைத் திறந்தார். நாங்கள் நாலு பேரும் அந்த வாயையே பார்த்தோம். அவர் ஒரு முழு முட்டையை எடுத்து உள்ளே வைத்து வாயை மூடிக்கொண்டார்.

மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினான். இந்தத் தடவை குரலில் குத்தல் இல்லை. "ஏம்மா, இவர்கூட இத்தன வருஷம் இருந்தும் நீ எப்படிம்மா இன்னும் நம்புற? உனக்கு மட்டும் வேற இயேசுவா?"

டீச்சர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நீ நாலாவது படிக்கும்போது நான் ஆறு மாசம் வேலைக்குப் போகல, ஞாபகம் இருக்கா? முதுகு வலின்னு சொன்னேன். முதுகு வலி இல்லடா. என்கிட்ட கத்துக்கிட்டிருந்த ஒருத்தர் ஓட்டுன வண்டி ஒரு அம்மா கால்ல ஏறிருச்சு. நான் பிரேக் போட்டேன், ஒரு நொடி லேட்டு. அந்தம்மாவுக்குக் கால் ஒடஞ்சிருச்சு. யாரும் என்னக் குத்தம் சொல்லல. எனக்குத் தெரியும்ல, லேட்டானது என் கால்தான்னு."

எக்காளம் மெல்லுவதை நிறுத்தினார். அவருக்கும் முதுகு வலி என்றுதான் தெரியும்.

"ஒரு ஞாயித்துக்கிழமை சபையில கடைசி பெஞ்சுல போய் உக்காந்தேன். எனக்கு என்ன தண்டனையோ அத வாங்கிக்கிட்டுப் போயிடலாம்னு நினைச்சேன். கண்ண மூடினேன். எவ்வளவு நேரம்னு தெரியல. சத்தம் ஒண்ணும் கேக்கல. ஆனா யாரோ பக்கத்துல நகந்து இடம் விட்டு, 'வந்துட்டியா'ன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான்டா. திட்டு வாங்கப் போனவ நான். திங்கட்கிழமை அந்தம்மா வீட்டுக்குப் போனேன், நான்தான்னு சொன்னேன்."

மகன் நாற்காலியை மேசைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அப்புறம்?" என்றான்.